வெக்னரின் நாற்காலிகளைத் தேடி டென்மார்க்கில்

அக்டோபர் 8, செவ்வாய். கோபன்ஹேகன்

பத்து டிகிரிதான். ஆனால் கடற்காற்று என்பதால் எலும்பு வரைக்கும் போகிறது. மெட்ரோவை விட்டு மேலே ஏறியபோது மழையும் சேர்ந்துகொண்டது. குடையை விரித்தேன், விரித்த கையோடு அது மேலே மடங்கி இரண்டு கம்பி உடைந்தது. சுற்றிப் பார்த்தால் தெருவில் குடை பிடித்தவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் மழைக்கோட்டு. சைக்கிள்காரர்கள் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அதே வேகத்தில் மிதிக்கிறார்கள். ஒரு அம்மா முன்பக்கம் பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து, மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, பேசிக்கொண்டே போனார்.

சாப்பாட்டுக்குத் தெருவோர வண்டியில் ஒரு ஹாட்டாக். பொரித்த வெங்காயம், பச்சை வெங்காயம், வெள்ளரிக்காய் ஊறுகாய், மஞ்சளாக ஒரு சாஸ். 45 குரோனர். ஒரு குரோனருக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். இரண்டாவது கடியில் அந்தக் கணக்கை விட்டுவிட்டேன். ருசி அப்படி.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு சின்ன மரப்பட்டறை நடத்துகிறேன். வீடு கட்டுகிறவர்கள் போனில் படம் காட்டி, "இந்த மாதிரி நாற்காலி வேணும்" என்று கேட்பார்கள். அந்தப் படங்களில் பாதி ஹான்ஸ் வெக்னர் என்ற டேனிஷ்காரர் வரைந்தவை. கேட்கிறவர்களுக்குப் பெயர் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. எனக்கு இருந்தது. படத்தைப் பார்த்து அளவு எடுக்கிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் செய்ததை நேரில் பார்க்கவேண்டும், முடிந்தால் ஒரு முறை உட்காரவேண்டும்.

அக்டோபர் 9, புதன். கோபன்ஹேகன்

டிசைன் மியூசியம் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இருக்கிறது. 1750களில் கட்டியது. தத்துவவாதி கீர்க்ககார்ட் 1855இல் இறந்தது இங்கேதான். 1920களில் இதை அருங்காட்சியகமாக மாற்றியவர்களில் ஒருவர் கோரே கிளின்ட். டேனிஷ் மரச்சாமான் உலகத்தில் எல்லோருக்கும் வாத்தியார் என்று சொல்லவேண்டிய மனிதர். பழைய நல்ல நாற்காலிகளை எடுத்து அளந்து பார், மனித உடம்பை அளந்து பார், அப்புறம் வரை என்பது அவர் வழி. அடுத்த தலைமுறை முழுக்க அந்த வழியில்தான் வந்தது.

உள்ளே நாற்காலிகளுக்கென்றே ஒரு நீண்ட கூடம். இரண்டு பக்கமும் மாடம் மாடமாக, மாடத்துக்கு ஒரு நாற்காலி, அதற்கென்று தனி வெளிச்சம். பள்ளிப் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை அதட்டவே இல்லை.

வெக்னரின் வட்ட நாற்காலிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். 1949இல் செய்தது. அந்தக் காலத்தில் கோபன்ஹேகன் தச்சர் சங்கம் வருடா வருடம் ஒரு கண்காட்சி நடத்தும். ஒரு வடிவமைப்பாளரும் ஒரு பட்டறையும் சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்து வைப்பார்கள். வெக்னர் யோஹானஸ் ஹான்சன் என்ற தச்சருடைய பட்டறையோடு சேர்ந்து இதைச் செய்தார். நான்கு கால், சாய்வுக்கும் கைக்கும் சேர்த்து அரைவட்டமாக ஒரே மரம், பிரம்புப் பின்னலில் இருக்கை. அவ்வளவுதான். கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம்கூடக் கிடையாது. கால் இருக்கையைத் தொடும் இடத்தில் பருத்து, மேலும் கீழும் மெலிகிறது. எங்கே சட்டம் வந்து சேர்கிறதோ, எங்கே கழுந்துக்கு, அதாவது துளைக்குள் நுழைகிற மர முனைக்கு, துளை போடவேண்டுமோ, அங்கே மட்டும் மரம் இருக்கிறது. மற்ற இடத்தில் இழைத்து எடுத்துவிட்டார்.

அந்த அரைவட்டம் பார்வைக்குத்தான் ஒரே மரம். மூன்று துண்டுகளைச் சேர்த்தது அது. மரத்தில் நேராக ஓடுகிற நார் ரேகையை வளைவாக அறுத்தால் ஏதோ ஓர் இடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு மரம் பலம் இழந்துவிடும், அதனால் சேர்த்துத்தான் ஆகவேண்டும். முதல் வருடம் அந்தச் சேர்ப்பு வெளியே தெரியக்கூடாது என்று சாய்வு முழுக்கப் பிரம்பு சுற்றியிருந்தார். அடுத்த வருடம் அந்தப் பிரம்பை எடுத்துவிட்டு, பல்லும் பல்லும் கோத்த மாதிரி வளைவு நெளிவான இணைப்பு ஒன்றைப் போட்டு, அதை அப்படியே எல்லோரும் பார்க்கும்படி விட்டார். எனக்கு இந்த நாற்காலியில் மிகப் பெரிய விஷயம் அதுதான். ஒரு தச்சன் மறைக்க நினைத்த இடம் அந்த நாற்காலிக்கே முகமாக ஆகிவிட்டது.

1950இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதை அட்டையில் போட்டது. உலகத்திலேயே மிக அழகான நாற்காலி என்று எழுதினார்கள். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் குவிந்தது. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் அமெரிக்க அதிபர் தேர்தலில் எதிரெதிராக நின்ற கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் முதன்முதலாக விவாதம் செய்தபோது மேடையில் போட்டிருந்ததும் இந்த நாற்காலிதான். கென்னடிக்குத் தீராத முதுகுவலி இருந்தது.

தரையில் முழங்கால் போட்டு நாற்காலியின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு காவலர் பக்கத்தில் வந்தார். வயதானவர். எழுந்திருக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, "நீங்கள் தச்சரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "கீழே பார்க்கிறவர்கள் எல்லாம் தச்சர்கள்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

பக்கத்தில் வெக்னரின் சீன நாற்காலி. 1944. சீனாவின் மிங் காலத்து நாற்காலிகளில் டேனிஷ் வணிகர்கள் உட்கார்ந்திருக்கிற பழைய ஓவியங்களைப் பார்த்து அதை வரைந்தார். அங்கிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாகக் குறைத்துக்கொண்டே வந்ததில் வந்து நின்றவைதான், முதுகில் ஆங்கில Y வடிவக் கட்டை நிற்கிற ஒய் நாற்காலியும் இந்த வட்ட நாற்காலியும். மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்தால் ஐந்தே வருடத்தில் அந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று தெரிகிறது.

ஆனால் தொடக்கூடாது. நாள் முழுக்க நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருந்ததில் கால் வீங்கிவிட்டது.

வெளியே வந்தால் ஒரு காபிக் கடை வாசலில் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை தூங்குகிறது. அம்மா உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் காபி குடிக்கிறார். எட்டு டிகிரிக் குளிரில்! இங்கே இது வழக்கமாம். குளிர்காற்றில் தூங்கினால் குழந்தைக்கு நல்லது என்கிறார்கள். கொஞ்ச நேரம் நான் அந்தத் தள்ளுவண்டிக்குக் காவல் நின்றேன். யாரும் கேட்கவில்லை, மனது கேட்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன். அலரோட்

கோபன்ஹேகனுக்கு வடக்கே, உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் அலரோட். வட்ட நாற்காலியை இன்றைக்குச் செய்கிறவர்கள் பிபி மோப்லர் பட்டறைக்காரர்கள். 1953இல் பீடர்சன் சகோதரர்கள் இரண்டு பேர் ஆரம்பித்தது. யோஹானஸ் ஹான்சன் பட்டறை மூடப்பட்ட பிறகு இந்த நாற்காலி இவர்களிடம் வந்தது. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன், வரச்சொல்லியிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஈர ஓக் மரத்தின் வாசனை. தேக்கு வாசனையிலேயே வளர்ந்த மூக்குக்கு அது கொஞ்சம் புளிப்பாகத் தெரிந்தது. பலகைகள் நடுவே குச்சி வைத்து அடுக்கிக் காற்றோட்டமாகக் காய்கின்றன. அவசரமே இல்லை. இந்த ஊரில் ஒரு பலகையைக் கையில் எடுக்குமுன் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

எனக்குச் சுற்றிக் காட்டிய பெரியவர் ஒரு விஷயம் விளக்கினார், அதற்காகவே இந்தப் பயணம் தகும். கழுந்து வைக்கிற துண்டை நன்றாகக் காயவைக்கிறார்கள். துளை போடுகிற துண்டில் கொஞ்சம் கூடுதலாக ஈரம் விட்டுவைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்த பிறகு கழுந்து ஈரத்தை இழுத்து உப்புகிறது, துளை காய்ந்து இறுகுகிறது. இனி அதைப் பிரிக்கவேண்டுமானால் மரத்தை உடைத்தால்தான் உண்டு. நம் ஊர்ப் பெரிய ஆசாரிகளும் கழுந்தை வெயிலில் போட்டு எடுத்து அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அதை ஈரப்பதக் கருவியில் அளந்து செய்கிறார்கள்.

சாய்வுக்கான கட்டையை முதலில் கம்ப்யூட்டர் இயந்திரம்தான் குடைந்து தள்ளுகிறது. எல்லாம் கையால்தான் நடக்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இல்லை. வெக்னரே இயந்திரத்தை விரும்பியவர். இயந்திரம் செய்யக்கூடியதை இயந்திரம் செய்யட்டும், கைக்கு மட்டும் முடிகிறதைக் கை செய்யட்டும் என்பதுதான் அவர் கணக்கு. இயந்திரத்திலிருந்து வந்த கட்டை சொரசொரப்பாக, முனை முறுக்கிக்கொண்டு இருந்தது. ஓர் இளைஞர் அதை வாங்கிச் சுரண்டுதகட்டால் இழைக்க ஆரம்பித்தார். இரண்டு இழைப்பு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவல். திரும்ப இரண்டு இழைப்பு. அளவுகோலை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கை எங்கேயும் நிற்காமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகவேண்டும்" என்றார். அப்புறம் கட்டையை என்னிடம் நீட்டினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். சாய்வில் செங்குத்தாக நிற்கிற பரப்பு கைப்பிடிக்கு வரும்போது மெதுவாகத் திரும்பி, முனையில் வெற்றிலை மாதிரி விரிந்து படுக்கிறது. எந்த இடத்தில் திரும்பியது என்று கைக்குத் தெரியவில்லை. இணைப்பு இருக்கிற இடமும் தெரியவில்லை.

மெருகுக்குச் சோப்பு! சோப்புத் துருவலை வெந்நீரில் கரைத்துத் துணியால் பூசுகிறார்கள். வெளிர்நிற மரத்துக்கு இதுதான் பழைய டேனிஷ் முறை. மரம் மரமாகவே இருக்கும், பளபளக்காது. கறை பட்டால் வீட்டிலேயே திரும்பச் சோப்புப் போட்டுக்கொள்ளலாம். ஐம்பதுகளில் இவர்கள் தேக்கில் நிறையச் செய்தார்கள். தாய்லாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்தது. இப்போது ஓக், ஆஷ், செர்ரி, வால்நட்.

விலையைக் கேட்டேன். ஒரு வட்ட நாற்காலிக்குப் பல லட்சம் ரூபாய். நியாயமா என்று ஊரில் கேட்பார்கள். அந்த இளைஞர் ஒரு கைப்பிடியோடு எவ்வளவு நேரம் இருந்தார் என்று பார்த்தேன். நியாயம்தான்.

மதியம் அவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே எனக்கும் இடம் கொடுத்தார்கள். கறுப்பு ரை ரொட்டி, மேலே ஊறவைத்த ஹெர்ரிங் மீன், வெங்காயம், அவித்த உருளைக்கிழங்கு. மீன் இனிக்கிறது, புளிக்கிறது. முதல் வாய்க்குப் பிடிக்கவில்லை, மூன்றாவது ரொட்டியை நானே எடுத்துப்போட்டுக்கொண்டேன். முதலாளி, தொழிலாளி எல்லோரும் ஒரே மேசை, சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவிவைத்தார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி. டோன்டர் போகும் வழி

வெக்னர் பிறந்த ஊர் டோன்டர். நாட்டின் தென்மேற்கு மூலை, ஜெர்மன் எல்லைக்குப் பக்கம். கோபன்ஹேகனிலிருந்து நாலு மணி நேரம் என்று போட்டிருந்தது. ரயில் கடலுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைந்து, பாலத்தில் ஏறி ஃபூன் தீவுக்குப் போகிறது. பேசக்கூடாத பெட்டியில் இடம் கிடைத்தது. உண்மையிலேயே யாரும் பேசவில்லை. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

வண்டி மாறவேண்டிய இடம் பிராமிங் என்ற சின்ன ஸ்டேஷன். அங்கே தெற்கே போகிற ரயில் ரத்து. காற்றில் தண்டவாளத்தில் ஏதோ விழுந்துவிட்டதாம், பேருந்து வரும் என்று பலகை சொன்னது. ஒரு பேருந்து வந்து நிறைந்து போய்விட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒரு தாத்தா பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு ஆற அமர உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, தமிழோ?"

திரும்பிப் பார்த்தால், நீல மழைக்கோட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. என் பையில் தொங்கிய துணிக்கடைப் பையின் எழுத்தைப் படித்திருக்கிறார். யாழ்ப்பாணம். எண்பதுகளின் கடைசியில் சின்னப் பெண்ணாக வந்தவராம். டென்மார்க்கில், அதுவும் ஜட்லண்ட் என்கிற இந்த மேற்குத் தீபகற்பத்தின் பக்கம், ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் இழுத்தடித்த விவகாரத்தில்தான் 1993இல் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அதை அக்காவே சொன்னார்: "எங்கட ஆக்களால ஒரு அரசாங்கமே விழுந்தது, தெரியுமோ?"

நாற்காலி பார்க்க வந்தேன் என்றதும் அவருக்கு ஆச்சரியம். "கதிரை பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, போனில் படம் தேடிக் காட்டினார். அவர் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக்கூடம். அதில் வரிசையாகக் கிடந்தவை போர்கே மோகன்சனின் ஜே39! வெக்னருக்கு மோகன்சன் மாணவப் பருவத்து நண்பர். கூட்டுறவுச் சங்கத்தின் மரச்சாமான் பிரிவுக்குத் தலைமை ஏற்று, சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் 1947இல் இதை வரைந்தார். டென்மார்க்கில் இதை மக்கள் நாற்காலி என்பார்கள். "இது ஒவ்வொரு நாளும் நாங்கள் துடைக்கிற கதிரை. பழசு, ஆனா ஆடாது." என்றார்.

இரண்டு நண்பர்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. போர்க்காலத்தில், 1944இல், மோகன்சனின் மகன் பீட்டருக்குப் பெயர்சூட்டு விழா. கடைகளில் பரிசு வாங்க ஒன்றும் கிடைக்கவில்லை. வெக்னர் குழந்தைக்கு ஒரு குட்டி நாற்காலி செய்தார். ஆணி இல்லை, பசை இல்லை, நான்கு பலகையைக் கோத்தால் நாற்காலி, பிரித்தால் விளையாட்டுச் சாமான். இன்றும் அது தயாரிப்பில் இருக்கிறது.

பேருந்து வந்தது. அக்கா தன் பையிலிருந்து இரண்டு பருப்பு வடையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்றால் விடவில்லை. டோன்டரில் இறங்கும்போது இருட்டிவிட்டது, காலணி முழுக்கத் தண்ணீர். விடுதிக்காரர் பேப்பர் உருண்டைகளைக் கொண்டுவந்து காலணிக்குள் திணித்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தார்.

அக்டோபர் 12, சனி. டோன்டர்

வானம் வெளுத்திருந்தது. ஊர் சின்னது, கல் பாவிய தெருக்கள், வாசலில் பழைய மரவேலைப்பாடு. 1243இலேயே நகர உரிமை பெற்ற ஊர். ஒரு காலத்தில் இழைப்பின்னல் லேஸ் வியாபாரத்தில் செழித்தது.

வெக்னர் 1914 ஏப்ரல் 2 அன்று இங்கே பிறந்தபோது இது ஜெர்மனியின் கையில் இருந்தது. எந்த நாட்டோடு இருப்பது என்று 1920இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஊர்க்காரர்களில் அதிகம் பேர் ஜெர்மனிக்கே வாக்களித்தார்கள். ஆனால் வட்டாரம் முழுவதையும் சேர்த்து எண்ணியதில் டென்மார்க் ஜெயித்தது. ஆறு வயதில் பையனுக்கு நாடு மாறிவிட்டது. அப்பா செருப்புத் தைக்கிறவர். பதினாலு வயதில் ஸ்டால்பெர்க் என்ற தச்சரிடம் பையன் வேலைக்குச் சேர்ந்தான், முதல் நாற்காலியைப் பதினைந்து வயதில் வரைந்தான். இருபது வயதில் ராணுவப் பயிற்சிக்காகக் கோபன்ஹேகன் போனதற்குப் பிறகுதான் படிப்பு, கல்லூரி, அலுவலகம் எல்லாம். ஐந்நூறுக்கும் மேல் நாற்காலி வரைந்த மனிதர் முதலில் உளி பிடித்தவர். அலரோட் பட்டறையில் அந்தச் சாய்வைத் தடவிய பிறகு இதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியதே இல்லை.

அருங்காட்சியகம் ஊரின் பழைய தண்ணீர்க் கோபுரத்தில். 1902இல் கட்டியது. தன் ஊருக்கு வெக்னரே கொடுத்த முப்பத்தேழு நாற்காலிகள் தளம் தளமாக இருக்கின்றன. மயில் நாற்காலி 1947. முதுகுக் குச்சிகள் விசிறியாக விரியும். தோள்பட்டை சாயும் இடத்தில் ஒவ்வொரு குச்சியும் தட்டையாகிறது. தூரத்திலிருந்து அது தோகையின் கண் மாதிரித் தெரிகிறதே தவிர, அவர் அழகுக்காகச் செய்ததல்ல, முதுகுக்காகச் செய்தது. 1953இன் துணி மாட்டும் நாற்காலி: சாய்வில் கோட்டை மாட்டலாம், இருக்கையைத் தூக்கினால் அதன் விளிம்பில் பேன்டைத் தொங்கவிடலாம், உள்ளே பர்சு, சாவி வைக்கப் பெட்டி. மன்னர் ஒன்பதாம் ஃபிரெடெரிக் இதில் ஆசைப்பட்டு ஒன்று கேட்டார். வெக்னருக்கு நான்கு கால் இருந்தது பிடிக்கவில்லை, மூன்றாகக் குறைத்து முடிக்கும்வரை மன்னர் காத்திருந்தார்.

மேல்தளத்தில் கண்ணாடி ஜன்னல்கள், சுற்றிலும் மைல் கணக்கில் தட்டைப் பசும்புல் வெளி. மேசையைச் சுற்றி நாற்காலிகள். உட்காரலாம் என்றார்கள்!

உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் நடந்தது. எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் அழுத்தவில்லை. நேராக உட்கார்ந்தேன். கொஞ்சம் சரிந்தேன். பக்கவாட்டில் திரும்பி ஒரு கையைச் சாய்வின் மேல் போட்டு ஜன்னலைப் பார்த்தேன். ஒவ்வொரு நிலைக்கும் அந்தச் சாய்வில் ஒரு பகுதி தயாராக இருந்தது. ஒரே மாதிரி உட்கார்ந்திருக்க எந்த உடம்பாலும் முடியாது, நாற்காலி அதற்கு இடம் விடவேண்டும் என்பதை வெக்னர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். பாட்டி ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். பேசவில்லை. பைக்குள்ளிருந்து கம்பளி நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார். கைப்பிடி தாழ்வாக இருந்ததால் முழங்கை தாராளமாக ஆடியது. ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

சாயங்காலம் விடுதிக்காரர் சொன்னதைக் கேட்டுச் சதுப்பு நிலத்துப் பக்கம் போனேன். இலையுதிர் காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஸ்டார்லிங் பறவைகள் லட்சக்கணக்கில் இங்கே நாணற்காட்டில் தங்குகின்றன. ஆறரை மணி வாக்கில் வானத்தில் ஒரு கறுப்புத் துணியை யாரோ உதறினார்கள். சுருண்டது, நீண்டது, இரண்டாகப் பிரிந்து சேர்ந்தது. சிறகுச் சத்தம் மட்டும். இருநூறு பேர் நின்றிருந்தோம். சேற்றில் கால் முட்டி வரை போய்விட்டது, பேப்பர் உருண்டை இன்னொரு முறை வேண்டியிருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு. மோகல்டோன்டர்

கடைகள் பெரும்பாலும் மூடல். பேருந்தும் அருமை. ஐந்து கிலோமீட்டர் நடந்தே பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். வழியில் ஒரு வீட்டு வாசலில் பூசணிக்காய், ஒரு பை உருளைக்கிழங்கு, விலை எழுதிய அட்டை, ஒரு தகர டப்பா. ஆளில்லை. எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். இருபுறமும் லிண்டன் மரம் நிற்கும் நீளத் தெரு, ஓலைக்கூரை வீடுகள், கோடியில் ஓர் அரண்மனை.

மதியம் காபி மேசை. தெற்கு ஜட்லண்டுக்கே உரியது. ஏழு மெது கேக், ஏழு மொறுமொறு பிஸ்கட் என்பது மரபு. ஜெர்மன் ஆட்சியில், 1864க்கும் 1920க்கும் நடுவே, டேனிஷ்காரர்களின் கூட்ட மண்டபங்களுக்கு மது விற்க அனுமதி கொடுக்கவில்லை. சரி, காபி குடிப்போம் என்று ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு கேக் கொண்டுவர, அது பெரிய விருந்தாகவே வளர்ந்துவிட்டது. பாட்டு, பேச்சு, அரசியல் எல்லாம் இந்த மேசையில்தான். ரை ரொட்டித் தூளில் செய்த ஒரு கேக், நடுவே கறுப்புத் திராட்சை மாதிரி ஒரு பழத்தின் ஜாம், மேலே கிரீம். புளிப்பும் இனிப்பும் கலந்து, ஒரு துண்டோடு நிறுத்த முடியவில்லை. மேசையில் இருந்த குடும்பம் என்னை அழைத்து நடுவில் உட்காரவைத்தது. எட்டாவது தட்டு வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். பெரியம்மா ஒருவர் புரிந்துகொண்டு, மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அக்டோபர் 14, திங்கள். ஓடன்ஸே

திரும்புகிற வழியில் ஃபூன் தீவில் இறங்கினேன். ஒய் நாற்காலியை 1950 முதல் செய்துவருகிற கார்ல் ஹான்சன் அண்ட் சன் 1908இல் ஆரம்பித்த ஊர் இது. இப்போது தொழிற்சாலை இதே தீவில் கெல்ஸ்டெட்டில் இருக்கிறது. நான் தேடிப்போனது அதையல்ல. பழைய நாற்காலிகளுக்கு இருக்கை பின்னித் தருகிற ஒரு சின்னக் கடையை.

ஒய் நாற்காலியின் இருக்கை காகிதக் கயிறு. போர்க்காலத்தில் கடற்புல் கிடைக்காதபோது மாற்றாக வந்தது, பிறகு இதுவே நிலைத்துவிட்டது. ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 120 மீட்டர். கை பழகியவருக்கு ஒரு மணி நேர வேலை. காகிதம் என்றதும் நம்பமாட்டோம். கடை நடத்துகிற அம்மா, அங்கே வந்திருந்த நாற்காலி ஒன்றைக் காட்டினார். ஒரே குடும்பத்தில் நாற்பது வருடம் உட்கார்ந்தது. முன்விளிம்பில் மட்டும்தான் கயிறு அறுந்திருந்தது.

வேலை பார்க்கலாமா என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார். இருக்கையின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். அதனால் முதலில் முன்னிரண்டு மூலைகளை மட்டும் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். அகலம் சரிசமமான பிறகுதான் நான்கு மூலையையும் சுற்றி ஓடவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றை இடுப்போடு சேர்த்து இழுத்து, முந்தின வரியோடு மரச்சுத்தியால் தட்டி நெருக்குகிறார். கயிறு தளர்ந்தால் ஒரு வருடத்தில் இருக்கை தொய்ந்துவிடும். ஒரு மூலையை என்னிடம் கொடுத்தார். நான் இழுத்து முடித்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார், அடுத்த மூலைக்குக் கயிறு வெட்டிக் கொடுத்தார். விரலிடுக்கில் தோல் உரிந்துவிட்டது. பழையவர்கள் அங்கே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வார்களாம்.

அவர் கூலி 1,200 குரோனர். நான் ஒரு பெரிய உருளைக் கயிறு வாங்கினேன். பில்லின் பின்பக்கத்திலேயே மூலை நிரப்புகிற முறையை அம்புக்குறி போட்டு வரைந்து கொடுத்தார். பட்டறையில் வேப்பமரச் சட்டத்தில் இரண்டு ஸ்டூல் இருக்கை இல்லாமல் கிடக்கிறது. முதலில் அதில் முயன்று பார்க்கிறேன். மதுரை வெயிலிலும் ஆடி மாதக் காற்றிலும் இந்தக் கயிறு எப்படி நிற்கிறது என்பதை அடுத்த வருடம் எழுதுகிறேன். பெட்டியில் இடம் இல்லாததால் இரண்டு ஸ்வெட்டரையும் மேலேயே போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன்.